எந்தத் தொட்டி நிறைந்தது?

கழிவுத் தொட்டி எப்போதும் நிறைந்துதான் இருக்கும். இதை இதுவரை ஏழு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் நம்பவில்லை. நிறைந்திருப்பது கோளாறு அல்ல. ஒரு வாளித் தண்ணீர் உள்ளே போனால் ஒரு வாளித் தண்ணீர் மறுபக்கம் வெளியேறி உறைக்குழிக்குப் போய் மண்ணில் இறங்க வேண்டும். கசடு அடியில் தங்கிவிடும். அப்படி வெளியேறுவது நின்றால்தான் கோளாறு.

அந்த ஐப்பசியில் எங்கள் தலத்தெரு வீட்டில் அது நின்றுகொண்டு வருவதாக எனக்குத் தோன்றியது. மழை விட்டு விட்டுப் பெய்தது. கொல்லையில் ஓர் அடி தோண்டினாலே தண்ணீர் ஊறியது. கடலோர மண், மழைக்காலத்தில் அதற்கு மேலும் குடிக்க இடமிருக்காது. கீழ்த்தளக் கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் போவதற்கு யோசித்தது. போகும்போது களக் களக் என்று சத்தம் போட்டது.

அந்தக் கழிப்பறை என் மகளுக்கானது. முதல் பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஒன்பதாம் மாதம். மாடியில் இன்னொரு கழிப்பறை உண்டு, ஆனால் பதினேழு படி. படி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

சத்தத்தைப் பற்றி மகள் தன் மாமியாரிடம் விளையாட்டாகச் சொல்லிவிட்டாள். உடனே கும்பகோணத்திலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது.

"அதனால என்னங்க சம்பந்தி, இங்க கீழயே எல்லா வசதியும் இருக்கு. கார் அனுப்பட்டுங்களா?"

மிக அன்பாகத்தான் கேட்டார். அந்த அன்புக்குத்தான் பயந்தேன். தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறப்பதுதான் வழக்கம். கக்கூஸ் சரியில்லாமல் பெண்ணைத் திருப்பி அனுப்பிய மனுஷன் என்ற பெயர் இந்தத் தெருவில் எனக்கு மட்டுமே கிடைக்கும். பெயர் போகட்டும். கடைசி வாரங்களில் அவள் என் கண்முன் இருக்க மாட்டாள் என்பதுதான் தாங்கவில்லை.

"வண்டியக் கூப்புட்டு உறிஞ்சிட வேண்டியதுதானேங்க," என்றாள் மனைவி.

அதற்கும் பயந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவர். கொல்லையில் ஃபைபர் தொட்டி புதைத்து, ஒரு மழைக்காலத்தில் அதைச் சுத்தமாக உறிஞ்ச வைத்தார். சுற்றிலும் நிலத்தடித் தண்ணீர், உள்ளே வெறும் காற்று. மறுநாள் காலை தொட்டி தரையைப் பிளந்துகொண்டு எருமை முதுகு மாதிரி மேலே வந்து நின்றது.

"நாங்க கப்பல்காரக் குடும்பம்ணே, எங்க கக்கூஸும் மிதக்கத்தானே செய்யும்?" என்று அவரே சிரித்தார். "அல்ஹம்துலில்லாஹ், வீடு மிதக்கல."

எங்களுடையது செங்கல் தொட்டி. மிதக்காது. ஆனால் காலியாக்கினால் வெளியே நிற்கும் தண்ணீர் சுவரை உள்ளே தள்ளலாம். அதனால் காத்திருந்தேன். தினமும் காலையில் மூடியைத் தள்ளிவிட்டு, விஷவாயு போகட்டும் என்று விலகி நின்று, பிறகு நீண்ட மூங்கில் குச்சியால் மட்டத்தை அளந்தேன். நாளுக்கு இரண்டு விரற்கடை ஏறியது. மழையே பெய்யாத நாளிலும் ஏறியது. அதுதான் விளங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தியில் மகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை வாங்க மருந்துக்கடையில் நின்றபோது மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, தொட்டி நிறைஞ்சிடுச்சு. சீக்கிரம் வாங்க."

"எவ்வளவு?"

"சுத்தமா நிறைஞ்சிடுச்சுங்க!"

கடை வாசலிலிருந்தே கழிவு வண்டிக்காரரை அழைத்தேன். பாதி மட்டும் உறிஞ்ச வேண்டும், யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். நான் வீடு சேரும்போது வண்டியும் வந்துவிட்டது. ஓட்டுநர் குழாயைப் பிரித்துச் சந்து வழியாக இழுக்கத் தொடங்கினார். மனைவி வெளியே வந்து திகைத்து நின்றாள்.

"என்னங்க இது? விளக்கு வைக்கிற நேரத்துல இந்த வண்டிய வாசல்ல நிறுத்தியிருக்கீங்க?"

"நீதானே நிறைஞ்சிடுச்சுன்னு சொன்ன?"

"நான் மேல் தொட்டியச் சொன்னேன்."

"மேல் தொட்டி நிறைஞ்சா நல்லதுதானே?"

"ஐயோ, குழாயத் தொறந்தா காத்துதாங்க வருது! நிறைஞ்சிடுச்சு! அதுக்கு மேல என்னைச் சொல்ல வைக்காதீங்க."

ஓட்டுநர் சிரித்துவிட்டார். "எங்கம்மாவும் இப்படித்தான் சார். உப்பு நிறைஞ்சிருக்குன்னா கடைக்கு ஓடணும்."

எங்கள் வீட்டிலும் எதுவும் தீர்ந்துபோவதில்லை. அரிசியோ மஞ்சளோ தீர்ந்தால் நிறைந்திருக்கிறது என்பாள். இல்லை என்ற சொல் வீட்டுக்கு ஆகாது. எனக்குத் தெரிந்த வழக்கம்தான். ஆனால் தண்ணீருக்கு அவள் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் இருப்பதால் தண்ணீரையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறாள். என் தலைக்குள்ளோ இரண்டு வாரமாக ஒரே ஒரு தொட்டிதான் இருந்தது.

"அப்ப உறிஞ்சவா, கெளம்பவா சார்?" என்றார் ஓட்டுநர்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். மேல் தொட்டி ஆயிரம் லிட்டர். காலையில் மோட்டார் போட்டு நிரப்பியது நான்தான். மூன்று பேருக்கு முந்நூறு, துணி துவைத்ததையும் சேர்த்தால் நானூறு. மீதி அறுநூறு எங்கே போனது? கொஞ்ச நாளாகவே மோட்டார் அதிகம் ஓடியது. வீட்டில் ஆள் கூடியிருக்கிறது என்று நினைத்திருந்தேன். மேலே ஒரு தொட்டி இறங்குகிறது, கீழே ஒரு தொட்டி ஏறுகிறது.

"உன் கழிப்பறைல எங்கேயாவது ஒழுகுதாம்மா?" என்று மகளைக் கேட்டேன்.

"ஒழுகலப்பா. அந்த ஃப்ளஷ்தான் எந்நேரமும் சன்னமா பாடிக்கிட்டே கெடக்கும். வெளில மழைன்னு நெனச்சுப்பேன்."

மோட்டாரைப் போட்டோம். ஃப்ளஷ் தொட்டியில் தண்ணீர் ஏறியதும், துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை அதில் ஊற்றி, பொத்தானை அழுத்தாமல் நின்றோம். மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். சற்று நேரத்தில் வெள்ளைப் பீங்கானில் ஒரு நீலக் கோடு இறங்கியது. பிறகு இன்னொன்று. வாஷர் உப்புத் தண்ணீரில் இற்றுப்போய், மேலே இருந்த தண்ணீரையெல்லாம் யாரும் அழுத்தாமலே கீழே அனுப்பிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே மழையில் ஊறிக் கிடந்த உறைக்குழி அதையும் எப்படிக் குடிக்கும்?

ஃப்ளஷுக்குப் போகும் குழாயை உடனே அடைத்தேன். ஓட்டுநருக்கு வந்த கூலியைக் கொடுத்து அனுப்பினேன். வண்டி தெருமுனை திரும்பியதும், அனுப்பியது தவறோ என்று தோன்றியது.

மறுநாள் வாஷர் மாற்றினோம். அதற்கடுத்த காலைகளில் குச்சியில் ஈரம் ஒவ்வொரு விரலாக இறங்கியது. மகள் தொலைபேசியில் "சத்தம் நின்னுடுச்சுங்க அத்தை, இங்கயே இருந்துக்கறேன்" என்று சொல்வது கூடத்திலிருந்து கேட்டது. அதன்பிறகும் நான் அளப்பதை நிறுத்தவில்லை.

பேத்தி பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, சம்பந்தி வீட்டார் திருநள்ளாற்றில் தரிசனம் முடித்துவிட்டு, உறவினர்களோடு மொத்தமாக வந்து இறங்கினார்கள். இரண்டு நாள் தங்குவதாகத் திட்டம். மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வீடு நிறைஞ்சிருக்குங்க," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

எண்ணிப் பார்த்தேன். பெரியவர்கள் பதினான்கு பேர், கழிப்பறை இரண்டு. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒருவரும் கவனிக்காத நேரம் பார்த்து, குச்சியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.