அப்பா சொல்லாமல் விட்ட ஸ்தோத்திரம்

எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். பள்ளியில் படித்தது மலையாளம்; தமிழ் வாசிக்கப் பழகியது சபையின் ஓய்வுநாள் பள்ளியில். அதனால் சாயங்கால ஜெபத்தில் வேதம் வாசிப்பது சின்ன வயதிலிருந்தே என் வேலை. ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம், முதலிலிருந்து வரிசையாக. எதையும் தாண்டக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். வெறும் பேர்களாக வரும் இடங்களில் நான் வேகமெடுத்தால், "தம்பானூர் ஸ்டேஷன்ல வண்டி பிடிக்கணுமா? மெல்ல வாசி மக்கா" என்பார்.

அப்பா ஆரியசாலைச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். எனக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்து, நடக்கத் தொடங்கும் முன்பே காய்ச்சலில் இறந்துபோனது. அன்றைக்கு அப்பா குடித்துக் கிடந்தார். அதன்பிறகு அவர் குடித்ததில்லை. தன் பாவத்துக்காகத் தேவன் பிள்ளையை எடுத்துக்கொண்டார் என்று சபையில் சாட்சி சொல்வார். வீட்டில் ஜெபத்தின் கடைசி வார்த்தையும் அதுதான்: "நீர் எடுத்துக்கொண்ட பிள்ளைக்காக ஸ்தோத்திரம்."

போன மழைக்காலத்தில் அந்த அதிகாரம் வந்தது. ராஜா பாவம் செய்கிறான். அவனுடைய கைக்குழந்தையைத் தேவன் நோயால் அடிக்கிறார். ராஜா தரையில் கிடந்து அழுதும் குழந்தை பிழைக்கவில்லை. முன்பும் இதை வாசித்திருக்கிறேன், அர்த்தம் உறைக்காத வயதில். இந்த முறை என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

வாசித்து முடித்ததும் அப்பா சொன்னார். "நம்ம கதையாக்கும் இது, கேட்டியா."

சும்மா இருந்திருக்கலாம். "பாவம் செஞ்சது ராஜா. செத்தது பிள்ளை. இது என்ன நியாயம்ப்பா?" என்றேன்.

"வேதத்த மடியில வச்சுட்டுப் பேசுத பேச்சாடே இது?" அம்மா பதறினாள்.

"படிச்சவன்லா, கேக்கட்டும்." அப்பா சிரிக்கத்தான் செய்தார்.

அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அக்காவைக் கடவுள் எடுக்கவில்லை, அப்பன் குடித்ததற்குப் பிள்ளையைக் கொல்லுகிறவரை நான் எப்படிக் கும்பிடுவது, அவள் வெறும் காய்ச்சலில்தான் செத்தாள் என்று சொல்லிக்கொண்டே போனேன். அப்பாவின் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைக்கிறேன் என்றே நினைத்தேன்.

அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"வெறும் காய்ச்சல்னா, அன்னைக்கு நான் தெளிவா இருந்திருந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருப்பேன். பிழைச்சிருப்பாள்லா?"

நான் மடியிலிருந்த வேதத்தை மூடினேன்.

"அவரு எடுத்தாரு, தண்டனையும் தந்தாரு, மன்னிச்சும் விட்டாருன்னு இருந்தேன் மக்கா. அவரு எடுக்கலேன்னா..."

ஜெபம் செய்யாமலே அன்று பாயைச் சுருட்டினோம்.

மறுநாள் வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, வழக்கம்போல் பாயில் உட்கார்ந்தார். நேற்று விட்ட இடத்தை நான் திறந்தேன்.

"வரிசை வேண்டாம். ஏதாவது சங்கீதம் வாசி" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் திட்டியிருந்தாலே தேவலை.

வாசித்தேன். அப்பா ஜெபித்தார்: சபைக்காக, சந்தைக் கடைக்காரருக்காக, என் வேலைக்காக. பிறகு நிறுத்திவிட்டார். கண்களை மூடியபடி அந்தக் கடைசி வார்த்தைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வெளியே யாரோ ஷட்டரை இழுத்து இறக்கினார்கள்.

என் சந்தேகம் அப்போதும் அப்படியேதான் இருந்தது; இப்போதும் இருக்கிறது. குழந்தையைக் கொன்று தகப்பனைத் திருத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் என் வாய் திறந்தது.

"நீர் எடுத்துக்கொண்ட பிள்ளைக்காக ஸ்தோத்திரம்."

அம்மா ஆமென் என்றாள். நான் கண்ணைத் திறந்தபோது அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு நம்பிக்கை இல்லாதத எனக்காகச் சொல்லாண்டாம் மக்கா" என்றார். குரலில் கோபமே இல்லை.