சுவரிடம் பேசிய பெரியப்பா

ஈர விறகு புகைந்து புகைந்து கடைசியில் பற்றிக்கொள்ளும் வாடையும், பச்சை ஏலக்காய் சூட்டில் வாடும்போது எழும் காரமான மணமும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் நைல் நதிதான் ஞாபகத்துக்கு வரும். சிரிக்காதீர்கள். போடிமெட்டைத் தாண்டிய ஏலத் தோட்டத்தில், "ஸ்டோர்" என்று நாங்கள் சொல்லும் காய் உலர்த்தும் கட்டடத்தின் முன்னறைதான் எனக்கும் என் தங்கை மலருக்கும் பள்ளிக்கூடம். ஆடிச் சாரலில் தோட்டமே ஊறிக் கிடக்கையில் ஈரம் ஏறாத ஒரே இடம் அது. உலர்த்தும் அறையை ஒட்டிய வெதுவெதுப்பான சுவரில் நாங்கள் முதுகைச் சாய்த்திருக்க, எதிரே பாதைப் பக்கத்து வெளிச்சுவரில் அம்மா அடுப்புக்கரியால் நைலையும் யூப்ரடீஸையும் சிந்துவையும் வரைந்து, நடுவில் இடம் மிஞ்சியதென்று வைகையையும் இழுத்துவிட்டிருந்தாள்.

அம்மா கல்யாணத்துக்கு முன் போடியில் ஒரு பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள். தோட்டத்துக்குப் பக்கத்தில் தமிழ்ப் பள்ளி கிடையாது என்பதால் என்னை ஒரு வருஷம் விடுதியில் சேர்த்தார்கள். வாயாடி என்று பேரெடுத்தவள் வாய் திறக்காத பிள்ளையாகத் திரும்பி வந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், "போதும், இனி நான் பாத்துக்கிறேன்" என்றாள். அன்றோடு எங்கள் வீட்டுப் படிப்பு தொடங்கிற்று. செத்தவன் இதயத்தை ஒரு தட்டிலும் இறகை இன்னொரு தட்டிலும் வைத்து எகிப்தியர்களின் சாமி நிறுத்துப் பார்க்கும் என்று சொன்னவள், சும்மா சொல்லவில்லை. காய் நிறுக்கும் சின்னத் தராசில் ஒரு காக்கை இறகை வைத்துக் காட்டினாள். ஒற்றை ஏலக்காய்க்கே தட்டு தாழ்ந்துவிட, "அப்ப யாருமே தேற மாட்டாங்களா?" என்று மலர் கேவிக் கேவி அழுதாள்.

எங்களுக்கு உயிர் சுமேரியர்களின் வெள்ளக் கதைதான். மனிதர்களின் இரைச்சல் தாங்காமல் தேவர்களெல்லாம் கூடி வெள்ளத்தை அனுப்பி அழிப்பது என்று முடிவு செய்கிறார்கள். எந்த மனிதனிடமும் இதைச் சொல்லக்கூடாதென்று சத்தியமும் செய்கிறார்கள். தண்ணீரை ஆளும் சாமிக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. அது ஒரு நல்ல மனிதனின் நாணல் குடிசைக்கு வெளியே போய் நின்று, அவனிடம் பேசாமல், அவன் வீட்டுச் சுவரைக் கூப்பிட்டு, படகு கட்டச் சொல் என்று சொல்லிவிட்டுப் போகிறது.

எங்களுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் சொந்தத்தில் பேச்சு நின்றுபோனவர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். "ஏ செவரே, சோறு ஆறுதுன்னு சொல்லு" என்று ஒருத்தி சொல்ல, "செவரே, பசிக்கலன்னு சொல்லு" என்று அவள் புருஷன் பதில் சொல்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். "அந்தச் சாமி போடிக்காரரும்மா" என்றாள் மலர். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

ஆனால் அந்த ஆடியில் சிரிக்கிற நிலைமை இல்லை. போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், பெண் பிள்ளைகள் காட்டுக்குள் கிடந்து வீணாகப் போகிறார்கள் என்று கொதித்துப்போயிருந்தார். "எந்த ஊர்லடா ஆத்தாக்காரி செவத்துல கிறுக்குறத படிப்புன்னு சொல்றாக?" என்று அப்பாவைக் கேட்டார். பேச்சு முற்றி, குலசாமி கோயிலில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார்: "இந்தப் புள்ளைகளப் பள்ளிக்கூடத்துல சேக்கிற வரைக்கும் இவன் வீட்டு ஆளுக யாரோடயும் பேச மாட்டேன். இவன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்." சூடம் அணைத்த சத்தியத்தை மீறினால் குடும்பத்துக்கே கேடு என்று நம்புகிறவர்கள் நாங்கள். அப்பா ஆடிப்போனார்.

பிறகு ஜீப்பு ஓட்டுகிறவரிடம் சொல்லியனுப்பினார் பெரியப்பா: வருகிற வெள்ளிக்கிழமை ஜீப்பு வரும், பிள்ளைகள் துணிமணியோடு தயாராக இருக்க வேண்டும், போடியில் தம் வீட்டில் தங்கிப் பள்ளிக்குப் போவார்கள். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்கு அந்த விடுதி ஞாபகம்தான். மறுபடியும் அம்மா இல்லாத இடம். மறுபடியும் வாயை மூடிக்கொண்டு ஒரு மூலை. மலர் தன் துணிகளை விறகுக் குவியலுக்குள் ஒளித்து வைத்தாள். அம்மா மட்டும் ஒன்றும் நடக்காதது போல, "வெள்ளிக்கிழமை வெள்ளம் எப்படி வடிஞ்சுதுன்னு சொல்றேன்" என்றாள். சொல்லிக்கொண்டே, ஏற்கெனவே வரைந்திருந்த நைலின் மேலேயே மறுபடியும் மறுபடியும் கரியை இழுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மழை கொட்டித் தீர்த்தது. காய் எடுக்க ஆட்கள் வரவில்லை. அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, அம்மா பாடத்தைத் தொடங்கிய நேரத்தில் பாதையில் ஜீப்புச் சத்தம் கேட்டது. மலர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். யாரும் கதவைத் தட்டவில்லை. நதிகள் வரைந்த சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஏ செவரே, கேட்டுக்க. மேட்டுல மண்ணு வெடிச்சு நிக்குது. ஓடைத் தண்ணி செம்மண்ணாக் கலங்கி வருது. உள்ள இருக்கிறவகள வெரசா வெளிய வரச்சொல்லு."

"எங்கண்ணன் வேலையப் பாத்தியா? பயங்காட்டிப் புள்ளைகளத் தூக்கிட்டுப் போகப் பாக்குறாரு" என்று அப்பா பல்லைக் கடித்தார். மலர்தான் துள்ளி எழுந்தாள். "அம்மா, தண்ணிச்சாமி! தண்ணிச்சாமி மாதிரியே சொல்றாரும்மா!"

அம்மா எழுந்து போய் அந்தச் சுவரில் கையை வைத்தாள்.

"செவரே, புள்ளைகள எங்கிட்டருந்து பிரிக்கிறதுக்காகச் சொல்ற பொய்யான்னு கேளு."

அந்தப் பக்கமிருந்து சுவரில் ஓங்கி ஓர் அறை விழுந்தது. "செவரே, புள்ளைக மட்டுமில்ல, அதுகளப் பெத்தவகளும் எனக்கு வேணும்னு சொல்லு!"

அந்தக் குரல் உடைந்திருந்தது. அம்மா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். அப்பாவும் பின்னாலேயே வந்து ஜீப்பில் ஏறினார். ஜீப்பு வளைவைத் தாண்டியிருக்காது, முதுகுக்குப் பின்னால் லோடு லோடாகக் கல்லைக் கொட்டுவது போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது ஸ்டோரும் இல்லை, எங்கள் அடுப்படியும் இல்லை. சிவப்பு மண் மட்டும் இருந்தது. பெரியப்பா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மழையா அழுகையா என்று எனக்குத் தெரியாது.

போடியில் அவர் வீட்டு முன்கட்டில் குடியேறினோம். இனி பள்ளிக்கூடம்தான் என்று நான் மனத்தைத் தேற்றிக்கொண்டேன்; அம்மாவும் வாதாடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தாள். ஒரு காலையில், காய் பிரிக்கும் பக்கத்து அறையிலிருந்து அந்தக் குரல் கேட்டது. "செவரே, புள்ளைக சும்மா உக்காந்திருக்குதுக. ஏன் பாடம் நடக்கலன்னு கேளு." வாசலில் ஒரு சட்டி நிறைய அடுப்புக்கரி இருந்தது.

எங்களைப் பள்ளியில் சேர்த்திருந்தால் அன்றைக்கே சத்தியம் தீர்ந்திருக்கும். ஆசைத் தம்பியோடும் எங்களோடும் வாய் நிறையப் பேசியிருக்கலாம். அம்மாவின் பாடம் நிற்கக்கூடாதென்று அவர் அந்தப் பேச்சையே விட்டுக்கொடுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் காய் பிரித்தபடியே எகிப்தையும் கிரேக்கத்தையும் கேட்டார். அம்மா எந்தச் சூடத்தையும் அணைக்காதவள். ஆனாலும் அவர் வாய் தவறிப் பதில் சொல்லிவிடக்கூடாதென்று அவளும் சுவரிடமே பேசினாள். தனித்தேர்வு எழுதி நான் கல்லூரியில் சேர்ந்தபோது, "செவரே, காலேசும் பள்ளிக்கூடந்தானேன்னு கேளு" என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். "செவரே, சாமிகிட்ட சாமர்த்தியம் பேச முடியாதுன்னு சொல்லு" என்றார், சிரித்துக்கொண்டே.

அவர் இறந்த அன்று கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அம்மா முதல்முறையாக அவருக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தோம். "அன்னைக்குப் பாதியில நின்னுபோச்சு, கேட்டுக்கங்க" என்று தொடங்கி, வெள்ளம் வடிந்த கதையைச் சொன்னாள். படகிலிருந்து விட்ட புறா உட்கார இடமில்லாமல் திரும்பி வந்ததையும், கடைசியில் விட்ட காக்கை திரும்பி வராததால் தரை தெரிந்துவிட்டதென்று அறிந்துகொண்டதையும், ஒப்பாரி ஓய்ந்த அந்தக் கூடத்தில் ஒரு வரி விடாமல் சொல்லி முடித்தாள்.

இப்போது மதுரையில் வீட்டிலேயே படிக்கும் சில பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்துகிறேன். போடி வீட்டை இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். சொந்தத்தில் இன்றும் சண்டைகளுக்குக் குறைவில்லை. ஆனால் கோபித்துக்கொண்டவர்கள் வாட்ஸப் குழுவிலிருந்து வெளியேறி, நம்பரையும் தடுத்துவிடுகிறார்கள், சோறு ஆறுகிறதென்று சொல்ல ஒரு சுவர்கூட மிச்சமில்லை. வெள்ளக் கதையின் முடிவை மட்டும் நான் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வதில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன். "அந்தப் பக்கம் யாரு டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். யாருமில்லை என்று எனக்குத் தெரியும்; ஆனாலும் அப்படிச் சொல்ல இதுவரை வாய் வரவில்லை.