கூப்பிடாத பறவைக்குத் தூக்கிய கை

எங்கள் மில்லுக்கு வருடத்துக்கு ஒருமுறை காது சோதிக்கும் வேன் வரும். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்கார வைப்பார்கள். சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்காவிட்டாலும் அழுத்தலாம் என்பதை நான் எப்போதோ கண்டுபிடித்துவிட்டேன். மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் தோள் கண்ணாடி வழியே தெரியும். சத்தம் அனுப்பும்போதெல்லாம் அது லேசாக அசையும். தோள் அசைந்தால் அழுத்து, அவ்வளவுதான். கடந்த நான்கு வருடமும் பாஸ்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருட்டும் மில் அது. கூரைக்கடியில் ஓடும் கிரேனுக்கு நான் ஆபரேட்டர். மேலே கேபினில் நான், கொக்கியில் டன் கணக்கில் இரும்பு, அதற்குக் கீழே ஆட்கள். காது மந்தம் என்று தெரிந்தால் கேபினிலிருந்து இறக்கிவிடுவார்கள். பதினெட்டு வருடம் உட்கார்ந்த சீட்டை விட மனசு வரவில்லை. வீட்டுக்காரியிடமும் மூச்சு விடவில்லை.

இந்த லட்சணத்தில்தான் மில் குடும்பங்களை மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு மழைக்காட்டுக்குப் பறவை பார்க்கக் கூட்டிப்போனார்கள். பார்க்க என்றுதான் சொன்னார்கள். கேட்க என்று சொல்லியிருந்தால் நான் எங்கள் ஊர் ஆரம்பாக்கத்தை விட்டே கிளம்பியிருக்க மாட்டேன். எங்களோடு சேஃப்டி ஆபீசரும் வந்தார். காது சோதனைத் தாளில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான்.

காலை ஆறரை மணிக்கு, அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை துணி உறை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினோம். மரங்கள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கத்து ஊர்க்காரர்தான் எங்களுக்கு வழிகாட்டி. "உள்ள போனா பேசக் கூடாதுங்க. எதுனாலும் கையிலயே காட்டிக்குங்க" என்றார்.

ஆள் தெரியாமல் சொல்லிவிட்டார். மில் இரைச்சலில் நாங்கள் வாயால் பேசி எத்தனையோ காலமாகிறது. நில், இடதுபக்கம், மேலே, மெதுவாக, எல்லாம் கைதான். அரை மணி நேரத்தில் அவரே அசந்துபோனார். மலை இருவாச்சியை முதலில் கண்டதும் நான்தான். உயரத்துக் கிளையில் அந்தப் பெரிய மஞ்சள் அலகைப் பார்த்து, கையை விரித்து நீட்டினேன். மொத்தக் கூட்டமும் நின்றது. ஆபீசர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஓர் ஓடைக்கரையில் வழிகாட்டி எங்களை நிறுத்தினார்.

"இங்க ஈப்பிடிப்பான்னு ஒரு குருவி இருக்குதுங்க. உள்ளங்கைக்குள்ள அடங்கிரும், புதரை விட்டு வெளிய வராது. சத்தம் ரொம்ப மெலிசு. கேட்டவங்க கையத் தூக்குங்க, எந்தப் பக்கம்னு நான் பாத்துக்கறேன்."

வேனுக்குள் தோள் இருந்தது. இங்கே என்ன இருக்கிறது? ஆபீசர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். பக்கத்தில் வீட்டுக்காரி. அவள் கையையே ஓரக்கண்ணால் பிடித்துக்கொண்டேன்.

அவள் கை எழுந்தது. நானும் தூக்கினேன். சுற்றிலும் எல்லாக் கைகளும் மேலே. தப்பித்தேன். மறுபடியும் அவள் கை, மறுபடியும் என் கை. வியர்வை முதுகில் இறங்கியது. இந்தச் சனியன் பிடித்த குருவி எப்போதுதான் வாயை மூடும் என்றிருந்தது.

மூன்றாவது முறை அவள் கை எழுந்ததும் நானும் சட்டென்று தூக்கினேன். வழிகாட்டி திரும்பிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். தூக்கியிருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

"இப்பக் கூப்புடலீங்களே" என்றார் அவர்.

ஆபீசர் என்னைப் பார்த்தார். என் கை கீழே இறங்கவே மாட்டேன் என்றது.

"எனுக்குக் கேட்டா மாரி இருந்துச்சு சார். என்னியப் பாத்து இவுரும் தூக்கிட்டாரு" என்று அவள் சிரித்து மழுப்பினாள். கூட்டமும் சிரித்தது. ஆபீசர் கேமராவைத் துடைக்கத் தொடங்கினார்.

அவள் மட்டும் உண்மையில் சிரிக்கவில்லை. என் சட்டையைப் பிடித்துக் கடைசி ஆளாக நிறுத்தினாள். கூட்டம் வளைவில் திரும்பி மறையும்வரை காத்திருந்தாள். பிறகு என் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"வேணும்னுதான் தூக்குனேன். எத்தினி வருசமா இப்டி?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னாமே, வேவு பாக்குறியா?"

"ஊட்ல பின்னால நின்னு கூப்ட்டா திரும்புறியா நீ? டிவிய அலற வுடுற. நானும் எம் மேல இன்னா கோவமோன்னு எத்தினி நாளு அழுதுகினு கெடந்தேன்." சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டாள். "அத்த வுடு. மேல நீ இரும்பத் தூக்கிகினு போற. கீழ ஒருத்தன் நிறுத்துன்னு கத்துனா உனுக்குக் கேக்குமா?"

"கை காட்டுவானுங்க."

"நீ வேற பக்கம் பாத்துகினு இருந்தா?"

முன்னால் போன கூட்டத்தில் பாதிப் பேர் தினமும் என் கொக்கிக்குக் கீழே நிற்கிறவர்கள். பக்கத்து மரத்தில் ஏதோ அசைய, அவள் அண்ணாந்து பார்த்தாள். எனக்கு அதுவும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட பயமாக இருந்தது.

அன்று மாலைவரை நான் எதற்கும் கை தூக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அந்தக் குருவியின் சத்தம் எப்படி இருந்தது என்று அவளிடம் கேட்டேன். காதருகே வாயை வைத்து, "கொசு காதாண்ட வந்துட்டுப் போவும் பாரு, அந்த மாரி" என்றாள்.

அடுத்த வாரமே வேன் வந்தது. ஹெட்போன் மாட்டிக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதே தோள். எழுந்து நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சுவரில் ஒரு விரிசல் இருந்தது. அது எங்கே போய் முடிகிறது என்றுகூடப் பார்த்துவிட்டேன்.

கதவு திறந்தது. மெஷின்காரர் என் முன்னால் வந்து குனிந்து, "சார், ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சு. ஒண்ணுமே கேக்கலியா?" என்றார்.

"கேக்கல" என்றேன்.