பன்னிரண்டாம் கட்டத்து முத்திரை

குரிஹாரா யோஷியாகி எங்கள் நகராட்சியின் வாழ்விடச் சூழல் பிரிவில் பதினேழு ஆண்டுகள் பணியாற்றினார். பதவி உயர்வு கிடைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒருவர் வீட்டு வேலிக்குள் தொடங்கி அடுத்தவர் வீட்டுக்குள் போய் முடிகிற தொல்லைகளை நகர விதிகளைக் கொண்டு தீர்த்துவைப்பதே அவருடைய வேலை.

நான்காம் வட்டாரத்தில் எங்கள் தெரு பதினான்கு வீடுகள் கொண்டது. அதன் முனையில், வளைவில் வரும் வண்டிகளைக் காட்டுவதற்காக ஒரு குவிகண்ணாடி நடப்பட்டிருக்கிறது. முனை வீட்டுக்காரரின் வேலிச்செடி அதை மூடிக்கொண்டு வளர்ந்தது. தபால்காரர் ஒருவர் அங்கே மோதி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மறுநாள் குரிஹாரா வந்தார்.

"இது என் வீட்டுச் செடி சார். எப்ப வெட்டணும்னு எனக்குத் தெரியும்" என்றார் வீட்டுக்காரர்.

"நான் செடியப் பாக்க வரல சார். கண்ணாடியப் பாக்க வந்தேன். அது எங்கன்னுதான் தெரியல" என்றார் குரிஹாரா.

நான்கு முறை வந்தார். நான்காம் முறை வீட்டுக்காரர் ஏணியில் ஏற, இவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். செடியைத் தொட அவருக்கு அதிகாரம் இல்லை. ஏணியைப் பிடிக்கக் கூடாது என்று விதியில் இல்லை. அதன்பிறகு அந்த வளைவில் யாரும் விழவில்லை. இப்படிச் சிறியதும் பெரியதுமாகப் பல. நடைபாதையில் கிடந்த பழைய குளிர்சாதனப் பெட்டி, தவறான நாளில் வைக்கப்பட்ட குப்பைப் பைகள், காகங்கள் கிழித்துப் போட்ட மிச்சம் என எல்லாம் ஒவ்வொன்றாக ஒழிந்தன. எங்கள் தெரு வாழத் தக்கதாக இருந்ததென்றால் அதில் பெரும்பங்கு அவருடையது. இதை நான் நன்றிக்காகச் சொல்லவில்லை. உண்மை என்பதால் சொல்கிறேன்.

அவரால் தீர்க்க முடியாமல் போனது பன்னிரண்டாம் வீடு.

அந்த வீட்டில் நாகாயி தொமோயே தனியாக வாழ்ந்தார். எழுபத்து நான்கு வயது. மதிய உணவுப் பெட்டிகள் தயாரிக்கும் ஆலையில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை செய்தவர். ஓய்வு பெற்றபின் பொருள்களைச் சேர்க்கத் தொடங்கினார். குடைகள், மீன் அடைத்து வரும் வெள்ளை நுரைப்பெட்டிகள், சோறு வேகவைக்கும் மின்பானைகள், செய்தித்தாள் கட்டுகள். ஏன் என்று கேட்டால், "உபயோகப்படுமே" என்பார். குவியல் வீட்டை நிறைத்து, முற்றத்தை நிறைத்து, கூரை விளிம்பைத் தொட்டு, ஒரு மழைக்காலத்தில் சந்துக்குள் சரிந்தது. நாற்றத்தால் நாங்கள் ஜூன் மாதப் புழுக்கத்திலும் சன்னல்களை அடைத்து வைத்தோம். எலிகள் பெருகின.

பக்கத்துப் பதின்மூன்றாம் வீடு ஓட்சூகாவுடையது. மீனை அரைத்து, வேகவைத்து, கட்டிகளாக்கி விற்கும் கடை. மூன்று தலைமுறைத் தொழில். அவருடைய அரைக்கும் மேடையில் எலிப்புழுக்கை கிடந்ததைச் சுகாதார அலுவலர் கண்டார். இன்னொரு முறை கண்டால் கடையை மூடவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இத்தகைய வீடுகளுக்கென்றே எங்கள் நகரத்தில் ஒரு விதி உண்டு. அதில் ஐந்து படிகள்: ஆலோசனை, அறிவுறுத்தல், பரிந்துரை, ஆணை, கடைசியாக நகராட்சியே புகுந்து அள்ளுதல். முதல் இரண்டு படிகளையும் குரிஹாரா கடிதங்களாகக் கொடுத்தார். தொமோயே இரண்டுக்கும் அழகான கையெழுத்தில் பதில் எழுதினார்: 'தங்களுக்குத் தொல்லை கொடுத்ததற்கு வருந்துகிறேன். ஆவன செய்வேன்.' ஒன்றும் செய்யவில்லை. பரிந்துரைக் கடிதத்தைக் குரிஹாரா நேரில் கொண்டுவந்தார். கூடவே நகராட்சியின் குப்பைப் பை ஒன்றும் கொண்டுவந்தார்.

"அம்மா, ஒரே ஒரு பை. நீங்களே பாத்துப் போடுங்க. நான் தொட மாட்டேன். வாயத் தொறந்து புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்."

"உன் வாயவா, பை வாயவா தம்பி?"

"ரெண்டையும்தான்."

தொமோயே சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை.

அதுமுதல் குப்பை எடுக்கும் செவ்வாய், வெள்ளி காலைகளில் எட்டு மணிக்குக் குரிஹாரா பையோடு வந்து நின்றார். தொமோயே ஒவ்வொரு பொருளாக எடுத்து, திருப்பிப் பார்த்து, சிலவற்றைப் பையில் இடுவார். சிலவற்றைத் திரும்ப வைப்பார். ஒரு பை நிறைய நாற்பது நிமிடம் ஆகும். பிறகு அவரே பையின்மேல் வீட்டு எண்ணை எழுதி, சேகரிப்பு இடத்துக்குக் கொண்டுபோய், காகம் கிழிக்காதபடி போட்டிருக்கும் வலைக்கடியில் வைப்பார். முன்னேற்றம் தெரிந்தால் கெடுவை நீட்டிக்கலாம் என்று விதி சொல்கிறது. குரிஹாரா இரண்டு முறை நீட்டித்தார். ஆறு மாதத்தில் சந்து வெளிப்பட்டது. மின்கணக்குப் பெட்டி கண்ணுக்குத் தெரிந்தது. புத்தாண்டுக்குள் சமையலறைச் சன்னலை எட்டிவிட வேண்டும் என்று தொமோயேயே சொன்னார்.

"இந்தக் குவியல அவங்க கையால எடுத்தாங்கன்னா மறுபடி சேராது டீச்சர். நாம எடுத்தா சேரும். மூணு வீட்ல பாத்துட்டேன்" என்று குரிஹாரா என்னிடம் ஒரு முறை சொன்னார். அவருக்கு வேண்டியிருந்தது காலம் மட்டுமே.

ஓட்சூகாவுக்கு இல்லாததும் அதுவே. நவம்பரில் அவர் ஒரு விண்ணப்பத்தோடு என் வீட்டுக்கு வந்தார். அந்த ஆண்டு தெருவின் தலைமைப் பொறுப்பு என்னிடம் இருந்தது.

"டீச்சர், வாரத்துக்கு ரெண்டு பை. ரெண்டே ரெண்டு! எலி வாரத்துக்கு எத்தன குட்டி போடுது தெரியுமா? உங்க ஆபீஸரு அதையும் ஒரு தடவ எண்ணிப் பாக்கச் சொல்லுங்க."

"சந்து காலியாயிடுச்சே ஓட்சூகா."

"சந்து காலி. எலியெல்லாம் என் கடைக்குக் குடிவந்துடுச்சு. வாடகையாவது குடுக்குதா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கெடுவை இனி நீட்டிக்காமல் அடுத்த படிக்குப் போகவேண்டும் என்பதே விண்ணப்பம். அதைச் சுற்றுப்பலகையில் வைத்து அனுப்பச் சொன்னார்.

சுற்றுப்பலகை என்பது வீடுவீடாகப் போகும் அறிவிப்பு அட்டை. தடுப்பூசி நாள், கால்வாய் தூர்வாரும் நாள் முதலியவை அதில் வரும். கீழே பதினான்கு கட்டங்கள் இருக்கும். பார்த்தவர் தம் கட்டத்தில், கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் முத்திரையை வைத்து, அடுத்த வீட்டுக் கதவுப்பிடியில் மாட்டிவிட வேண்டும். விண்ணப்பம் என்றால் அந்த முத்திரையே சம்மதம். பெரும்பாலோர் படிப்பதில்லை; முத்திரை வைக்காமலும் இருப்பதில்லை.

பன்னிரண்டாம் கட்டத்தை என்ன செய்வது என்று நான் ஒரு மாலை முழுவதும் யோசித்தேன். அவரைப் பற்றிய தாளை அவர் வீட்டுக்கே அனுப்புவது கொடுமை. ஆனால் பலகை ஒரு வீட்டைத் தாண்டிப் போவது எங்கள் தெருவில் அதைவிடப் பெரிய அவமதிப்பு. பல ஆண்டுகளுக்குமுன் ஒருவர் பெயரைத் தவறுதலாக விட்டுவிட்டோம். அவர் வீட்டையே விற்றுக்கொண்டு போய்விட்டார். அது எனக்கு நினைவிருந்தது. தொமோயே முத்திரை வைக்க மாட்டார். கட்டம் வெறுமையாகத் திரும்பி வரும். அதுவே அவருடைய மறுப்பாக அமையும் என்று கணக்கிட்டேன். பெயரை அடிக்காமல் பலகையை அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பலகை திரும்பி வந்தது. பதினான்கு முத்திரைகளும் இருந்தன. பன்னிரண்டாவது மற்றவற்றைவிட நேராகவும் தெளிவாகவும் இருந்தது. என்ன செய்வதென்று நான் யோசிப்பதற்குள் ஓட்சூகா வந்து தாளை வாங்கிக்கொண்டு நகராட்சிக்குப் போய்விட்டார். நானும் தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை குரிஹாரா அதன் நகலோடு என் வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"டீச்சர், இது அவங்க முத்திரதானே?"

"ஆமாம்."

"அவங்களுக்குமா அனுப்புனீங்க?"

"விட்டுட்டா அவமானமா நினைப்பாங்களேன்னு..."

அவர் கோபப்படவில்லை. தாளை இரண்டாக மடித்தார். "பிரிவுத் தலைவர் என்ன சொல்றாரு தெரியுமா? சம்பந்தப்பட்டவங்களே ஒத்துக்கிட்டாங்க, இனிமே என்ன நீட்டிப்புன்னு கேக்குறாரு."

இருவரும் பன்னிரண்டாம் வீட்டுக்குப் போனோம். தொமோயே அன்றைய பைக்காகக் காத்திருந்தார்.

"அம்மா, அந்தத் தாள்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு படிச்சீங்களா?"

"படிச்சேனே. ரெண்டு தடவ."

"அப்புறம் ஏம்மா?"

"மேல பதினொரு பேரு வெச்சிருந்தாங்க தம்பி. நான் மட்டும் வெக்காம விட்டா நல்லாவா இருக்கும்? ஏற்கெனவே எல்லாருக்கும் தொல்ல." பிறகு கையை நீட்டினார். "பை எங்க?"

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற முயன்றேன். அதற்கும் எல்லா வீடுகளின் முத்திரைகளும் வேண்டுமாம். இம்முறை பலகையை நானே கையில் எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனேன். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். "மத்தவங்க வெச்சா நாங்களும் வெக்கிறோம் டீச்சர்" என்றார்கள். பலகையில் இருந்தவை இரண்டே முத்திரைகள்: என்னுடையதும் தொமோயேயுடையதும். அவர் இதற்கும் வைத்திருந்தார்.

ஆணையின் கெடுவும் கழிந்து, பிப்ரவரியில் ஐந்தாம் படி வந்தது. வேலையைத் தொடங்குமுன் அலுவலர் ஒருவர் அறிவிப்பை உரக்கப் படிக்கவேண்டும் என்பது விதி. குரிஹாரா படித்தார். மூன்று நாள்கள், பத்தொன்பது வண்டிகள். தொமோயே ரப்பர் காலணி அணிந்து வாசலில் நின்று, கடந்துபோன ஒவ்வொரு தொழிலாளிக்கும் தலை குனிந்து, "சிரமம் குடுக்கிறேன், மன்னிச்சுக்குங்க" என்றார். மூன்றாம் நாள் குரிஹாராவிடம், "இவங்க ரொம்ப வேகம் தம்பி. நாம ரெண்டு பேரும் ரொம்ப மெதுவாப் பண்ணிட்டோம்" என்றார். அவர் எதிர்பார்த்த சமையலறைச் சன்னல் அன்று மதியம் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

தெரு நன்றாகிவிட்டது என்பதை மறைக்காமல் எழுதவேண்டும். எலிகள் ஒழிந்தன. ஓட்சூகாவின் கடைக்கு மறு ஆய்வில் அனுமதி கிடைத்தது. வசந்தத்தில் நாங்கள் மெத்தைகளை வெளியே காயப்போட்டோம். நானும் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

மார்ச் மாதம் முடியும்வரை குரிஹாரா செவ்வாய், வெள்ளி தவறாமல் பையோடு வந்தார். அது இனி அவருடைய அலுவல் அன்று. கதவு கையகலம் திறக்கும். "போடறதுக்கு ஒண்ணும் இல்லையே தம்பி" என்ற குரல் கேட்கும். கதவு மூடிக்கொள்ளும். அவர் பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார். ஏப்ரலில் இடமாற்றம் வந்தது. இப்போது குடிநீர்ப் பிரிவில், குழாய் உடைந்தவர்களின் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்கிறார்.

கோடையில் பன்னிரண்டாம் வீட்டு வாசலில் ஒரு குடை சாய்ந்திருந்தது. மறுவாரம் மின்பானை ஒன்று. செப்டம்பரில் முற்றம் நிறைந்தது. புதிதாக வந்த அலுவலர் முதல் படியிலிருந்து தொடங்கி, தபாலிலேயே கடிதங்கள் அனுப்பினார். அவருக்குப் பார்க்கவேண்டிய தெருக்கள் நாற்பது. இம்முறை தொமோயே பதில் எழுதவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அக்டோபரில் நகராட்சிப் படிக்கட்டில் குரிஹாராவைப் பார்த்தேன். வணக்கம் சொல்வதற்குள் அவர் கேட்டார்:

"டீச்சர், வெள்ளிக்கிழம அவங்க வீட்டுப் பை வலைக்கடியில இருக்கா?"

"இல்லையே."

"செவ்வாய்க்கிழம?"

இல்லை என்று நான் தலையை அசைத்தேன். அவர் படியேறத் திரும்பினார். "உள்ள போன் அடிச்சிக்கிட்டே இருக்கும், வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பரில் மீண்டும் சுற்றுப்பலகை வந்தது. ஓட்சூகாவின் கடையில் மறுபடியும் எலி. விண்ணப்பத்தின் வாசகம் போன ஆண்டுடையதே. தேதி மட்டும் மாறியிருந்தது. இவ்வாண்டுத் தலைவர் தெருவின் மறுகோடியில் இருப்பவராதலால் பலகை எதிர்த்திசையில் சுற்றி, என்னிடம் கடைசியாக வந்தது. பன்னிரண்டாம் கட்டத்தில் முத்திரை இருந்தது. நேராக, தெளிவாக.

என்னுடைய கட்டம் மட்டுமே வெறுமையாக இருந்தது. நான் முத்திரையை எடுத்து வைத்தேன்.