ஜப்பானில் கழற்றிய சப்பாத்து

சுவிஸில், பேர்ன் நகரத்து எங்கள் வீட்டில், என் பதின்மூன்று வயது மகள் ஆதிரா சோற்றுக்கோப்பைக்கு முன்னால் இரு கைகளையும் குவித்து, ஜப்பானிய மொழியில் ஏதோ முணுமுணுத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறாள். பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்ததல்ல. வெள்ளைக்காரர்கள் செய்த ஒரு வீடியோ கேம் சொல்லிக்கொடுத்தது. எனக்கு வயிறு எரிகிறது. ஒரு நாட்டின்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா என்று கேட்காதீர்கள், நான் படுகிறேன். இலங்கையில் நான் பிறந்த வவுணதீவு என்ற ஊர் வாவிக்கு எந்தப் பக்கம் என்று தெரியாத பிள்ளைக்கு, ஜப்பானியக் கிராமத்தின் சந்துபொந்தெல்லாம் தெரிந்திருக்கிறது.

அந்த கேமில் வாள்வீரன் ஒரு வீட்டுக்குள் போகுமுன் வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றுகிறான். அதற்கென்றே ஒரு பட்டன். என்ன கரிசனை! கீழ்வீட்டு ஜப்பான்காரரை, கட்டிடத்துக்குப் பொதுவான உடுப்புத் துவைக்கும் அறையில் கண்டபோது, "நீங்கள் கொடுத்துவைத்தவர்கள், எல்லா கேமிலும் இருக்கிறீர்கள்" என்று என் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அதில் எல்லோரும் வாளோடு திரிந்து மானத்துக்காகச் சாகிறார்கள். என் அப்பா சலவை இயந்திரம் விற்றவர்" என்றார். பிறகு, நான் அவரிடம் ஏதோ உதவி கேட்கிறேன் என்று விளங்கிக்கொண்டு, அன்று துவைக்கத் தனக்கு வந்த முறையை எனக்கு விட்டுத்தந்துவிட்டுப் போனார். அப்படிப் பிழையான ஒரு சித்திரமாவது நமக்குக் கிடைக்காதா என்றிருந்தது எனக்கு.

போன மாதம் கிடைத்தது. "அப்பா, ஓடி வாங்க, உங்கட நாடு வந்திருக்கு!" என்று ஆதிரா கத்தினாள். புதிய கேம். இலங்கை என்றுதான் எழுதியிருந்தது. பாம்பாட்டி, யானை, எங்கிருந்தோ ஓர் ஒட்டகம், எந்தப் பாஷையிலும் சேராத மந்திரம். வாவியில் ஒரு தோணியாவது வருமா என்று என் கண் தேடியது. அதற்குள் வெள்ளைக்கார வீரன் கையில் துப்பாக்கியும் காலில் சப்பாத்துமாகக் கோயிலுக்குள் ஏறிவிட்டான்.

"சப்பாத்தக் கழட்டச் சொல்லு புள்ள!"

"அதுக்குப் பட்டன் இல்ல அப்பா."

எங்கள் ஊரில் கோயிலுக்கு மட்டுமா? கதிர்களைச் சூடடித்த களத்தில் நெல் குவிந்து கிடந்தால் அங்கேயும் செருப்புக்கால் படக்கூடாது. நெல் வாங்க வந்த வியாபாரி ஒருவர் சப்பாத்தோடு வர, என் அப்பா அவரை வரம்பிலேயே மறித்தார். "கழட்டிப்போட்டு வாங்க, இல்லாட்டி நெல்லு இல்ல." இதை மகளுக்குச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது. ஜப்பானுக்குப் பட்டன் செய்யத் தெரிந்தவனுக்கு நம்மிடம் வரும்போது மட்டும் கை முடங்கிவிட்டதா என்று கத்தினேன்.

அவள் வீரனைத் திருப்பி வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். உள்ளே போனால்தான் ஆட்டம் நகரும். அவள் போகவில்லை. எதிரிகள் சுட்டார்கள், வீரன் செத்தான், அதே வாசலில் மறுபடி எழும்பினான். அப்போதும் போகவில்லை. ஜப்பானை ஒருமுறையாவது வென்றுவிட்டேன் என்று மனம் துள்ளியது.

"நம்மட கோயில் இப்பிடியா அப்பா இருக்கும்?"

"இல்ல."

"அப்ப நான் உள்ள போகட்டா?"

"வேணாம்" என்று வாய் சொல்லிவிட்டது. சப்பாத்துக்காலோடு நின்ற அந்த வெள்ளைக்காரனுடன், எங்களுடையதல்லாத ஒரு கோயிலின் வாசலில், நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.