பிசிறு வெட்டுகிறவள்

தொழிலாளர் கணக்கெடுக்க வந்த பெண், என் மனைவி என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டாள். "வேலைக்கெல்லாம் போறதில்லீங்க, ஊட்டுலதான் இருக்கா" என்றேன். பனியன் கம்பெனியில் ஏற்றுமதிப் புள்ளிவிவரம் தயாரித்தே ஓய்வு பெற்றவன் நான்.

பக்கத்தில் பனியன் குவியலை மடியில் வைத்துக் கூலிக்குப் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்த மனைவி சிரித்தாள். "ஆமாங் கண்ணு, இந்தப் பீஸெல்லாம் தானாவே பிசிறு வெட்டிக்குது."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்றதுதானுங்க நாட்டுக் கணக்குல ஏறும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. மனைவி இத்தனை வருடமாகக் கம்பெனிக்கு வெட்டிக் கொடுத்த பனியன்களை என் ஏற்றுமதிக் கணக்கில் சேர்த்திருக்கிறேன். அவளை ஒருநாளும் சேர்த்ததில்லை. "நான் சொன்னது தப்புங்க, அழிச்சிருங்க. அவகிட்டயே கேளுங்க" என்றேன்.

மனைவி கத்தரியைக் கீழே வைத்தாள். "எழுதிக்க கண்ணு" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.