கட்டைவிரல் நகம்

முதுநகரில் இறால் உரிக்கும் கம்பெனித் தெருவை மூக்கைப் பொத்தாமல் கடக்க முடியாது. உள்ளே நின்று உரிப்பவர்கள் பெண்கள். எடை போடுகிறவர்களும் காரில் வந்து போகிறவர்களும் ஆண்கள். இறால் ஐஸ் பெட்டியில் வெளிநாட்டுக்குப் போய்விடும். நாற்றம் பெண்களோடு வீட்டுக்கு வரும்.

ஆரோக்கியம்மாள் அங்கே பல வருடம் நின்றவள். இறாலுக்குக் கத்தி உதவாது. வலது கட்டைவிரல் நகத்தால்தான் மேலோட்டை நெம்ப வேண்டும். அதற்காகவே அந்த ஒரு நகத்தை வளர்ப்பார்கள். 2009 மழைக்காலத்தில், ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி, அவளுக்கு அந்த நகமே சீழ் பிடித்துக் கழன்றது. கையுறை இருந்தது. வெளிநாட்டு ஆள் பார்வையிட வரும் நாளில் கொடுத்து, அவன் போனதும் பிடுங்கி அலமாரியில் பூட்டினார்கள்.

சூப்பர்வைசர் மணவாளன் வீட்டுக்கே வந்தான்.

“ஒன் கை இனிமே ஆவாது ஆரோக்கியம். பொண்ண அனுப்பு. எளசு வெரலு, வேகமா உரிக்கும்.”

“ரேகா பிளஸ் ஒன் படிக்குது சார்.”

அவள் புருஷன் தேவசகாயம் கட்டிலை விட்டு எழவில்லை. “படிச்சி கலெக்டராவா ஆவப்போவுது? அனுப்புறோம் சார்.”

ஆரோக்கியம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். “நீ போயேன். ஒனக்கு ரெண்டு கையும் நல்லாத்தான இருக்கு.”

“பொம்பள வேலைக்கு என்னப் போவச் சொல்றியா?”

மணவாளன் சிரித்தான். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் ரேகாவின் விரலைத் திருப்பிப் பார்த்தான். “நகம் பத்தாது. வளரட்டும். பொங்கல் கழிச்சி வர்றேன்.”

ஆரோக்கியம்மாள் ஒரு நகவெட்டி வாங்கினாள். பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் மகளின் கட்டைவிரலைப் பிடித்துச் சதை தெரிய ஒட்ட நறுக்கினாள்.

“வலிக்குதும்மா.”

“வலிக்கட்டும். இது வளந்தா ஒன் படிப்பு போச்சி.”

பொங்கல் கழிந்து வந்த மணவாளன் முகம் சுளித்தான். “என்ன இது, எலி கடிச்சாப்ல?”

“கடிக்கிற பழக்கம் சார். அடிச்சும் பாத்துட்டேன்.”

அவன் அடுத்த வீட்டுப் படியேறினான். அங்கே கொளஞ்சியின் மூத்த மகள் பவானிக்கு நகம் நன்றாக இருந்தது. அவள் படிப்பு அதோடு நின்றது.

இது 2012. ரேகா சிதம்பரத்தில் கல்லூரிக்குப் போகிறாள். ஆரோக்கியம்மாள் அதே கம்பெனியில் இறால் ஓட்டை அள்ளிக் கொட்டுகிறாள். தேவசகாயம் அதே கட்டிலில் இருக்கிறான். போன மாதம் பவானியின் நகம் கழன்றது. மறுநாளே மணவாளன் வந்து அவள் தங்கையின் விரலைப் பார்த்துவிட்டுப் போனான்.

அவன் தெருமுனை தாண்டியதும் கொளஞ்சி வந்து நின்றாள்.

“அக்கா, அந்த நகவெட்டி இருக்குதா?”